மூன்றரை மாடியில் ஒரு தூக்கம்

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் முழுசாக மூன்றரை மணி நேரம் தொங்கியது. அந்த மூன்றரை மணி நேரமும் உள்ளே இருந்த பெட்டிக்காரர் விட்ட குறட்டையில் ஆஸ்பத்திரியின் அத்தனை ஜன்னல் கண்ணாடிகளும் தாளம் போட்டன. மொட்டைமாடிப் புறாக்கள் பெருமழை வரப்போகிறது என்று நினைத்துக் குஞ்சு குளுவானோடு பக்கத்துக் கட்டிடத்துக்குக் குடிபோயின. இரண்டாம் மாடியில் காது கேட்கவில்லை என்று காட்ட வந்திருந்த பெரியவர் ஒருவர், "யாருப்பா அது, காலங்காத்தால மெஷின் ஓட்டறது?" என்று கேட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பெட்டிக்காரரின் மனைவி மைக்கம்மா இதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். காலையில் பால்காரரிடம் சொன்னபோது அது ஒன்றரை மணி நேரமாகத்தான் இருந்தது. தையல்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டே கால் ஆயிற்று. சாயங்காலம் மாடி வீட்டுக்காரரிடம் போனபோது நன்றாகச் சதை போட்டு மூன்றரையாக நின்றது. வளர்த்ததில் அவளுக்கு வெட்கமில்லை. முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, டிப்போவை விட்டே கிளம்பாத பஸ்ஸையெல்லாம் 'இன்னும் சற்று நேரத்தில்' வரவழைத்தவள் அவள். அதனால்தான் மைக்கம்மா.

கேட்டவர்கள் அவளைத் தெரிந்தவர்கள். புறாவைக் கழித்து, பெரியவரைக் கழித்து, நேரத்தில் பாதியைக் கழித்து, மிச்சத்தை நம்பினார்கள். மனுஷன் தூங்கினார் என்பதை எல்லோருமே நம்பினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் இல்லை என்றாள். அவள் பெட்டிக்காரரின் அக்கா, கணக்கு டீச்சர். அவளைத் தள்ளவும் முடியாது. ஏனென்றால் அன்றைக்கு லிஃப்டுக்குள் அவர்கூட இருந்தது அவள் ஒருத்திதான்.

"அவன் தூங்கல" என்றாள் டீச்சர். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

பெட்டிக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம் கண்ணை மூடியிருப்பேன். அக்காவே இல்லேங்கறாளே" என்றார். மைக்கம்மாவால் விடமுடியாமல் போனது அங்கேதான். ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. பதினாலு மாதமாகத் தூங்க முடியாத மனுஷன், தன்னால் தூங்க முடியும் என்று நம்பவேண்டுமே.

பதினாலு மாதம் முன்னால் நடந்தது இதுதான். பெட்டிக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை அவர்கள் பெட்டி என்றுதான் சொல்வார்கள். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்ப்பார், இன்னொருவர் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் இருப்பார். மேலே இருப்பவர் சுவிட்சையோ சக்கரத்தையோ தொடும் முன், "ஓட்டலாமா?" என்று குரல் கொடுக்கவேண்டும். "ஓட்டு" என்று பதில் வரவேண்டும். மூன்று தடவை கேட்டு மூன்று தடவை பதில் வந்தால்தான் கை வைக்கலாம். "வேணாம்" என்று ஒரு குரல் வந்துவிட்டால், அது எலி சொன்னதாக இருந்தாலும் சரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இந்த மூன்று சொல்லில்தான் அவர்கள் பிழைப்பும் உயிரும் ஓடுகிறது.

அன்றைக்கு மேலே இருந்தவர் சின்னவர், பெட்டிக்காரரோடு பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். கிரீஸ் டப்பா எடுக்கக் கீழே இறங்கினார். அந்த ஐந்து நிமிஷத்தில், லிஃப்ட் வரவில்லை என்று யாரோ கத்தியதால் கட்டிடத்துக் காவலாளி மேலே போய் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பெட்டி, தலைமேல் ஆளோடு, மேலே ஏறியது. பெட்டிக்காரர் மல்லாக்கப் படுத்துவிட்டார். மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் கான்கிரீட் வந்து நின்றது. அப்படியே ஐம்பது நிமிஷம் கிடந்தார்.

ஒரு கீறல் இல்லை. சட்டைப் பொத்தான்கூட அறவில்லை. வெளியே வந்து டீ குடித்தார், காவலாளியைத் திட்டவேண்டாம் என்று சொன்னார், வீட்டுக்கு வந்து குளித்தார். மூன்றாம் நாள் குக்கர் விசில் அடித்தபோது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கட்டில் அவருக்கு ஆகவில்லை. மல்லாந்தால் கூரை இறங்குகிறது என்றார். கூடத்தில் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அரை மணி கண் செருகும், உடம்பு தூக்கிப் போடும், எழுந்துவிடுவார். கிரீஸ் வாசனை வந்தால் வியர்த்துக் கொட்டும். ஒன்றுமில்லாததற்குச் சுள்ளென்று விழுவார், பிறகு அதற்காகவே மூன்று நாள் பேசமாட்டார். எதிரிலேயே இருப்பார், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டார்.

"அடி படல, ரத்தம் வரல" என்றாள் கணக்கு டீச்சர். "கால் ஒடிஞ்சா எக்ஸ்-ரேல தெரியும். இது எதுல தெரியும்?"

"உங்களுக்குக் கண்ணுல தெரியலையா அண்ணி?"

"எனக்குத் தெரியறது ஒண்ணுதான். முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்திருக்கேன். வயித்து வலின்னு சொல்லிட்டுப் பரீட்சைக்கு மட்டம் போடற பசங்களை வரிசையா பாத்திருக்கேன்."

அவள் கெட்டவள் இல்லை. வாரம் தவறாமல் தம்பிக்குப் பழம் வாங்கி வருவாள், அவளே உரித்தும் கொடுப்பாள். ஆனால் வேலை செய்த காலம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. தொண்ணூற்றொன்பது போட்டு, மீதி ஒன்று ஏன் போச்சு என்று அந்தப் பிள்ளையையே கேட்பாள். அவள் 'மட்டம்' என்று சொன்னது நாற்காலியில் இருந்தவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் தனக்கு என்ன செய்கிறது என்று வாயைத் திறந்து சொல்வதையே விட்டுவிட்டார்.

மைக்கம்மா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டாள். வந்ததும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர்கள் வழக்கத்தையும் தன் தொழிலையும் கலந்து ஒரு திட்டம் போட்டாள்.

"கவனிக்கவும். இன்னும் சற்று நேரத்தில் சமையலறையில் மிக்சி ஓடும். ஓட்டலாமா?"

"ஓட்டு."

"ஓட்டலாமா?"

"ஓட்டு."

"ஓட்டலாமா?"

"ஓட்டித் தொலையேன், சட்னி ஊசிப்போகுது."

வீட்டில் அறிவிப்பில்லாமல் எந்தச் சத்தமும் பிறக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. குக்கர், அலமாரிக் கதவு, பக்கெட், தும்மல் எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு. தும்மலுக்குத்தான் கஷ்டம். 'கவனிக்க' வரைக்கும் சொல்லும்போதே வந்துவிடும். மாடி வீட்டுக்காரர் ஆணி அடிக்கும் முன் பால்கனியிலிருந்து குனிந்து அனுமதி கேட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெருமுனையிலேயே நின்று, "இறக்கலாமா?" என்று மூன்று தடவை கத்தினார். ஒரு காக்கா மதில்மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மைக்கம்மாவைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு போனதை அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, சொல்லாமல் வருகிற சத்தம் ஒன்றே ஒன்று வந்தாலும், முன்னைவிட மோசமாகத் துடித்தார். அஞ்சல்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்ட சத்தத்துக்குக் கழிவறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் மைக்கம்மா சின்னவர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை எடுத்தாள். அவர் கம்பெனியில் விசாரித்து வாங்கிய விலாசம் அது, ஆஸ்பத்திரி ஐந்தாம் மாடியில் மனநல ஆலோசகர். பெட்டிக்காரர் ஐந்து மாடியையும் படியேறியே வந்தார்.

டாக்டரம்மா மெதுவாகப் பேசுகிறவள். பெரிய ஆபத்து வந்தபோது உடம்பு மணி அடித்து அவரைக் காப்பாற்றிவிட்டது, ஆபத்து போன பிறகும் அந்த மணி நிற்கவில்லை, அதுதான் இது, கோழைத்தனமும் இல்லை நடிப்பும் இல்லை, நிறையப் பேருக்கு வருகிறது என்று சொன்னாள். பெட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், தானாகப் பேசினார்.

"பெட்டிக்கு அடியில ஒரு இரும்புப் பல் இருக்கும்மா. பெட்டி வேகமா விழுந்தா அது தண்டவாளத்தைக் கவ்விக்கும். அதோட நின்னுடும். பெட்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, காப்பாத்திடுச்சுன்னு அர்த்தம். ஆனா அதுவா விடாது. ஒருத்தர் போய் பெட்டியைக் கொஞ்சம் மேல தூக்கினாத்தான் பல்லு விடும்."

"எவ்வளவு தூக்கணும்?"

"விரல்கடை விரல்கடையா. அவசரப்பட்டா மறுபடி கவ்விக்கும்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணுமே இல்ல" என்றாள் டாக்டரம்மா. "அதையேதான் செய்யப்போறோம்."

அடுத்து அவள் மைக்கம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லிச் சொல்லிச் சத்தம் போடறீங்க இல்ல, அதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். நீங்க சொல்லும்போதெல்லாம், சொல்லாம வர்ற சத்தம் நிஜமாவே ஆபத்துன்னு அவர் உடம்பு நினைச்சுக்குது."

மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் அவள் மைக்கை யாரும் பிடுங்கியதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. பெட்டிக்காரர்தான், "உன்னாலதான் இத்தனை நாள் ஓடிச்சு" என்றார். அதோடு அவளுக்குச் சரியாகிவிட்டது.

ஒரு பட்டியல் போட்டார்கள். முதல் வாரம் கரண்டி மட்டும் சொல்லாமல் விழும். பிறகு பக்கெட், அலமாரிக் கதவு. மனம் படபடக்கும்போது ஓடாமல் நிற்கவேண்டும், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடவேண்டும், கண்ணில் படுகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மிக்சியைச் சொல்லாமல் ஓட்டவேண்டிய நாளில் மைக்கம்மா துண்டால் வாயைக் கட்டிக்கொண்டாள். ஓட்டினாள். பெட்டிக்காரர் விருட்டென்று வாசலுக்குப் போனார். அங்கே நின்று, "செருப்பு, குடை, கேட்டு, பூட்டு, பூனை" என்றார். மூன்று நிமிஷம் கழித்து முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"மிக்சில என்ன?"

"ஒண்ணும் இல்ல. காலியாத்தான் ஓட்டினேன்."

"பாவி" என்றார். இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அடுத்தது லிஃப்ட். ஆஸ்பத்திரி லிஃப்டின் எதிரில் நிற்பது ஒரு வாரம், கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது ஒரு வாரம், மைக்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி, பிறகு இரண்டு மாடி என்று நகர்ந்தது. எல்லாம் விரல்கடை கணக்குத்தான். ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. "அது கடைசியா வரும், துரத்தாதீங்க" என்றாள் டாக்டரம்மா.

மனைவி கை இல்லாமல் ஐந்து மாடியும் போகவேண்டிய நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து, அந்த டாக்டர் என்னதான் செய்கிறாள் என்று நேரில் பார்த்துவிடுகிறேன் என்று கணக்கு டீச்சரும் கிளம்பிவிட்டாள்.

"நீங்க என்கூடப் படியில வாங்க அண்ணி. அவரு தனியாப் போகணும்."

"இந்த நாடகத்துக்காக நான் என் முட்டியைத் தேய்க்கணுமா? லிஃப்ட் எதுக்கு இருக்கு?" என்று தம்பிக்கு முன்னால் உள்ளே ஏறி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவு மூடியது.

மைக்கம்மா படியில் மூன்றாம் மாடிக்கு வந்தபோது, தலைக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது. விளக்குகள் போயின. மணி பத்து நாற்பது.

அவள் மூன்றாம் மாடிக் கதவில் காதை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே ஒரு விசும்பல் கேட்டது. அது அவருடையதுதான் என்று நினைத்து அவளுக்கு உயிரே போயிற்று. பதினாலு மாதத்துப் பாடும் இதோடு போச்சு என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கியது. தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. ஒரு மணி நேரம் ஆகப்போகும்போது அதுவும் நின்றது. பிறகு, நிஜமாகவே, சத்தியமாகவே, குறட்டை.

அவளுக்குத் தெரியாத குறட்டையா. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டது. முதலில் ஒரு சீழ்க்கை, அப்புறம் ஒரு உறுமல், அப்புறம் பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு குமுறல்.

லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது பதினொன்றே முக்கால். வந்தவர் சின்னவர். உள்ளே யார் என்று தெரிந்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். அந்த கிரீஸ் டப்பா நாளிலிருந்து அவர் சொந்த வீட்டில் ஃபேன் போடக்கூட மூன்று தடவை கேட்கிறவர். நாலாம் மாடிக் கதவில் வாயை வைத்து, "அண்ணே, ஓட்டலாமா?" என்றார்.

பதில் இல்லை.

"அண்ணே, ஓட்டலாமா?"

உள்ளேயிருந்து கிசுகிசுவென்று ஒரு குரல் வந்தது. "வேணாம்."

சின்னவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மேலாளர் ஓடி வந்தார். "என்னய்யா, வந்து பத்து நிமிஷமா சும்மா நிக்கறே?"

"வேணாம்னு பதில் வந்திருக்கு சார்."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னாலும் வேணாம்னா வேணாம்தான் சார். உள்ள காத்து வருது, பயம் இல்ல."

"நான் சொல்றேன், ஓட்டு."

"நீங்க உள்ள இல்லையே சார்."

மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு போனார். சின்னவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். அத்தனை தடவையும் அதே கிசுகிசு. கடைசியில் பன்னிரண்டரை மணிக்குப் பெட்டிக்காரரின் சொந்தக் குரல், கொட்டாவியோடு, "ஓட்டுப்பா" என்றது. மூன்று தடவை சொன்னது. சின்னவர் மேலே ஓடிச் சக்கரத்தைச் சுற்றினார். கதவு திறந்தபோது பெட்டிக்காரர் கன்னத்தில் புடவைக் கரையின் தடம் பதிந்திருந்தது. கணக்கு டீச்சர் யாரையும் பார்க்காமல் நேராகப் படியிறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தூங்கினீர்கள் என்றால் இல்லை என்றார் அவர். டாக்டரம்மாவுக்கும் அதே பதில். சின்னவரைக் கேட்டால், "நான் நாலாம் மாடில இருந்தேன், காதுல ரத்தம் பாயற சத்தம்தான் எனக்குக் கேட்டுது" என்கிறார். மைக்கம்மா எடுத்துச் சொல்லச் சொல்ல, புறாவும் பெரியவரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"உன் பேச்சை எப்படி நம்பறது?" என்றார் பெட்டிக்காரர் அன்பாகத்தான். "நீ காக்காவுக்கே அறிவிப்புச் சொல்லிக்கொடுத்தவ."

அது அவளுக்கு உறைத்தது. ஜோடித்த கதையால் அசல் கதையும் செல்லாமல் போய்விட்டது. இனிமேல் அவள் கடிகாரத்தைக் காட்டிச் சத்தியம் செய்தாலும் பயனில்லை. நூற்றுக்கு நூறு போடாத ஒரு வாய் சொன்னால்தான் உண்டு. அந்த வாயோ பூட்டிக்கிடந்தது.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம் கணக்கு டீச்சர் பழப் பையோடு வந்தாள். பெட்டிக்காரர் நாற்காலியில், சுவரோடு சாய்ந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது.

மைக்கம்மா நேரடியாகவே ஆரம்பித்தாள். "அண்ணி, அன்னிக்குக் கேட்ட குறட்டை யாருது?"

"மோட்டார் சத்தம்."

"கரண்ட் இல்லாத மோட்டாரா?"

"ஏதோ ஒரு சத்தம். எனக்கென்ன தெரியும், நான் என்ன மெக்கானிக்கா?"

"விடு" என்றார் பெட்டிக்காரர். குரலில் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அக்கா முதல்லேர்ந்தே சரியாத்தான் சொன்னா. நான்தான் என்னை ஏமாத்திக்கிட்டேன். அடி படல, ரத்தம் வரல. தூங்கினேன்னு இவ சொன்னதும் ஒரு நிமிஷம் ஆசையா இருந்துது. அதுவும் இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து டாக்டரம்மாகிட்டப் போகல. கம்பெனில கேட்டு ஸ்டோர்ல ஒரு நாற்காலி வாங்கிக்கறேன். எங்க உக்காந்தா என்ன."

மைக்கம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

கணக்கு டீச்சர் ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். பாதித் தோலோடு அது கையில் நின்றது. பதினாலு மாதமாக அவள் சொன்னதைத் தம்பி இன்று அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டான். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. பலகையில் பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற முகம்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வகுப்பை விட்டு வெளியே போனது அவள் சரித்திரத்திலேயே கிடையாது.

"தப்பு" என்றாள்.

"எது தப்பு?"

"நீ சொன்ன எல்லாம்." ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு அழுதது நான்."

மைக்கம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"விளக்கு போனதும் எனக்கு மூச்சே வரல. செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன். கதவைப் பிறாண்டினேன். நீ என் மணிக்கட்டைப் புடிச்சே. உன் கையும் ஐஸ் மாதிரிதான் இருந்துது, ஆனா விடல. அக்கா, நின்ன பெட்டி விழாது, ஆறு கயிறு இருக்கு, ஒண்ணே தாங்கும்னே. மூச்சை மெதுவா விடுன்னே. அஞ்சு பொருள் சொல்லச் சொன்னே. நான் கைப்பைன்னேன், கடிகாரம்னேன். அப்புறம் ஒண்ணும் வரல. நீயே எனக்காகச் சொன்னே."

"அது ஞாபகம் இருக்கு" என்றார் பெட்டிக்காரர்.

"அதுக்கப்புறம் எனக்குச் சரியாச்சு. நீ தரையில உக்காந்தே. நானும் உக்காந்தேன். என் தோள்ல தலை விழுந்துது." டீச்சர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ரவிக்கையெல்லாம் எச்சில்."

"வேணாம்னு சொன்ன குரல்?" என்று மைக்கம்மா கேட்டாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது.

"நான்தான். அந்த ஆளு கத்தற கத்தலுக்கு இவன் முழிச்சிருவானோன்னு இருந்துது. பதினாலு மாசமா தூங்காத புள்ள, இப்பத்தான் தூங்கறான், எழுப்பாதேன்னு முழுசாச் சொல்ல வாய் வரல. அதான் வேணாம்னு மட்டும் சொன்னேன்."

பதினாலு மாதம் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டதை அவளும் கவனித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஆமா. இத்தனை மாசமா ராத்திரில நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும். எப்பவும் தெரியும். என் தம்பிக்கு அப்படி ஒண்ணு நடந்துதுன்னு நினைக்கவே என்னால முடியல. மட்டம் போடறான்னு நினைச்சுக்கிட்டா எனக்குச் சுலபமா இருந்துது. லிஃப்டுல அரை நிமிஷம் எனக்கு வந்துது பாரு, அதை நீ பதினாலு மாசமா வச்சுக்கிட்டிருந்திருக்கே. வெளில வந்ததும் அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ தூங்கினதைச் சொன்னா நான் அழுததையும் சொல்லணும். அதான் லிஃப்டுல நீ தூங்கலைன்னுட்டேன்."

பெட்டிக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். தட்டிலிருந்த ஆரஞ்சை எடுத்து, மீதித் தோலை உரித்து, ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாவகாசமாக, படுக்கையறைப் பக்கம் நடந்தார். நிலைப்படியில் கையை வைத்து நின்று, கட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மைக்கம்மாவுக்கு அந்த நேரம் ஒரு பெரிய அறிவிப்பே தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"அக்கா" என்றார் திரும்பாமல். "நிஜமா நடந்துதா?"

"நடந்துதுடா" என்றாள் கணக்கு டீச்சர். "இவ சொல்ற மூணரை மணி நேரமெல்லாம் பொய். பதினொண்ணு முப்பத்தெட்டுலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும், ஐம்பத்திரண்டு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தூங்கினே."